பிள்ளை முரண்டினால் பெற்றவர்க்கு யார் துணை?

சித்தூரில் வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றைப் பல்லாண்டுகளாக அறிவேன். தந்தையார் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கெழுதுபவர். மகனுக்கு வயது பதினைந்து. ஓராண்டுக் காலமாக அவன் பள்ளிக்குச் செல்ல மறுப்பதும், கேட்டால் கதவை அறைந்து சாத்துவதும், தந்தையின் சட்டைப்பையில் கைவைப்பதுமாக இருந்தான். தாயார் திருப்பதிக்கு முடிகாணிக்கை நேர்ந்துகொண்டார். தந்தையார் பிரம்பை எடுத்தார். முடியும் இறக்கியாயிற்று, பிரம்பும் முறிந்தது. பையன் மாறவில்லை. அந்நாளில் அத்தாயார் என் மனைவியிடம் சொல்லி அழுதது இதுதான்: “அக்கா, எனக்கு என் வீட்டுக்குள்ளே நுழையவே பயமா இருக்கு.”

பிள்ளையைப் பற்றி அறிவுரை கூற ஆயிரம் பேர் உளர். பெற்றவளின் அச்சத்தைக் கேட்பவர் யார்? சொந்த ஊராயின் பாட்டியோ மாமனோ பையனை நான்கு நாள் அழைத்துப்போய் வைத்துக்கொள்வர். பிழைப்பை நாடி வந்த இடத்தில் அத்தகைய தோள் இல்லை. வீட்டிலே தமிழ்; பள்ளியிலே தெலுங்கும் ஆங்கிலமும். ஆசிரியர் அழைத்துக் குறை கூறுங்கால் தாய்க்குப் பாதிதான் விளங்குகிறது. வெட்கம் மட்டும் முழுதும் விளங்கிவிடுகிறது. போதாததற்கு, “வளர்ப்புச் சரியில்லை” என்று அண்டை வீட்டார் சொல்லும் சொல் வேறு. நம்முள் சிலரும் அதைச் சொல்லியிருக்கிறோம்.

குடும்பத்தையும் சேர்த்துத் தாங்கும் மருத்துவம் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1950-களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். நமக்கு அண்மையில், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல நிலையத்திலும் குடும்பத்தார் உடன்தங்கும் முறை வேரூன்றியது. அங்குச் சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் தனிப்பிரிவு உண்டு. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராய் இருந்ததே சித்தூர்தானே. ஆகலின் இதனை அயலூர்ப் பயணம் என்று கருதவேண்டுவதில்லை. திருப்பதியில் வாழ்வோர்க்கு ரூயா அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

நண்பரின் குடும்பமும் இறுதியில் மருத்துவர் ஒருவரை நாடியது. அவர் முதலில் வினவியது பையனைப் பற்றியன்று. தாயார் நன்றாக உறங்கி எத்தனை நாளாயிற்று என்பதையே.

பின்னர் அவர் விளக்கியதை நண்பர் எனக்குக் கூறினார். தந்தை அதட்டுகிறார், மகன் அதனினும் உரக்கக் கத்துகிறான், தந்தை சலித்து விட்டுவிடுகிறார். கத்தினால் வெல்லலாம் என்று மகன் கற்றுக்கொள்கிறான். மறுநாள் பிரம்பைக் கண்டு மகன் அடங்குகிறான். அடித்தால் வெல்லலாம் என்று தந்தை கற்றுக்கொள்கிறார். நாள்தோறும் இருவருக்கும் இதே பாடம்! மூளையில் உணர்ச்சியை அடக்கியாளும் பகுதி இருபது வயதுக்கு மேலும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே பையனின் சீற்றமெல்லாம் கொழுப்பன்று.

அவர் சொன்ன வழி எளியது, கடைப்பிடிப்பதுதான் அரிது. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றைக் கேட்கவேண்டும். தாயும் தந்தையும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். சினம் தணிந்த பின்னரே பேசவேண்டும். அவன் நன்றாகச் செய்த சிறு செயலையும் அன்றே பாராட்டவேண்டும். தந்தையார்க்கு இந்தக் கடைசி ஒன்றே மிகக் கடினமாக இருந்ததாம்.

சாவைப் பற்றிப் பேசுதல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், உணவையும் தோழரையும் திடீரென வெறுத்தல் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அழைப்பவர் நோயாளியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மனம் சோர்ந்த தாயும் அழைக்கலாம்.

பையன் முற்றும் திருந்தினான் என்று எழுதமாட்டேன். வாரத்தில் நான்கு நாள் பள்ளிக்குச் செல்கிறான். சென்ற மாதம் மறுபடியும் பணம் காணாமற்போயிற்று. தந்தையார் மறுநாள் காலை வரை பொறுத்திருந்து பேசினாராம். அன்றிரவு தாயார் உறங்கிவிட்டார் என்று கேள்வி.