கடைப்படிக்குக் கீழே நிற்கும் வாடிக்கையாளர்



கோட்டாறு கம்போளத்திலும் வடசேரிச் சந்தையைச் சுற்றியும் உள்ள பழைய பலசரக்குக் கடைகளைப் பாருங்கள். தெருவிலிருந்து இரண்டு படி, மூன்று படி ஏற்றிக் கட்டிய கடைகள் எத்தனை! நம் குமரி மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஓடைத் தண்ணீர் ஏறி அரிசி மூட்டையை நனைத்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் செய்த ஏற்பாடு அது. சரக்கைக் காத்த அதே படி, வாடிக்கையாளர் சிலரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டது. அதை நாம் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் கடையில் நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று சக்கர வண்டியில் வரும் அண்ணாச்சி ஒருவர் பல ஆண்டுகளாக நம்மிடம் மாதச் சாமான் வாங்கி வந்தார். சிட்டையைப் பையனிடம் கொடுத்துவிட்டு வெயிலில் காத்திருப்பார். மேலே நிற்பவர்களை அனுப்பிய பிறகுதான் அவருடைய சிட்டையை எடுப்போம். தவறு என்றே தோன்றவில்லை. ஒரு மாதம் அவர் வரவில்லை. விசாரித்தால், படியில் பலகை போட்டுவைத்த வேறொரு கடைக்குப் போகிறாராம். நேரில் பார்த்துக் கேட்டோம். "ஒங்க சரக்குல ஒரு கொறையும் இல்ல. மத்தவங்க மாதிரி உள்ள வந்து, பருப்பைக் கையில அள்ளிப் பாத்து வாங்கணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்" என்றார். நாம் இழந்தது ஒரு மாதச் சிட்டை. அவர் அத்தனை ஆண்டுகளாக இழந்திருந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாறிய காலம்

ஒரு காலத்தில் ஊனமுற்றவர் என்றால் லாட்டரிச் சீட்டு விற்பார், அல்லது எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருப்பார் என்பதே நம் நினைப்பு. 2003 ஜனவரியில் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்பட்டது. கைப்பேசி வந்து பூத்துகளும் மறைந்தன. இன்று அவர்கள் ஆசிரியராக, வங்கி ஊழியராக, நம்மைப் போல் வியாபாரியாக இருக்கிறார்கள். 2010 முதல் தமிழக அரசும் 'மாற்றுத்திறனாளிகள்' என்றே அழைக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இவர்கள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். இத்தனை பேரையும் அவர்கள் குடும்பத்தாரையும் எந்த வியாபாரியால் ஒதுக்க முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

முதல் சட்டம் 1995 ஆம் ஆண்டுச் சட்டம்; 1996 பிப்ரவரி 7 முதல் அமலுக்கு வந்தது. அது 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அதற்குப் பதிலாக வந்த 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் 21 வகைகள். பார்க்கின்சன் நோய், ஆசிட் வீச்சால் வந்த பாதிப்பு ஆகியவையும் இதில் அடங்கும்.

நாம் கவனிக்க வேண்டியவை இவை. அரசு மட்டுமல்ல, தனியாரும் தாம் தரும் சேவையை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி அமைக்க வேண்டும். தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பலர் பார்க்க, இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. உடற்குறையையே பட்டப்பெயராக்கிக் கூப்பிடும் பழக்கம் நம் கடைத்தெருவில் உண்டு. அதை இன்றே விட்டுவிடுவது நல்லது.

அணுகுவசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது.

நம்மால் என்ன முடியும்?

சாய்தளத்திற்கு ஒரு கணக்கு உண்டு: 1 அங்குல உயரத்திற்கு 1 அடி நீளம். அரை அடிப் படிக்கு 6 அடி வேண்டும். வேண்டும்போது போட்டு எடுக்கும் உறுதியான பலகை இதற்குப் போதும். மூன்று படி உள்ள கடையில் அது நடவாது. ஓடையையும் ரோட்டையும் அடைத்துக் கட்டுவதும் கூடாது. அங்கே கீழே ஒரு மணி வையுங்கள். மணி அடித்தால் ஒருவர் இறங்கிப் போய், சரக்கு மாதிரியைக் காட்டி, வரிசைப்படி கொடுக்கட்டும்.

பார்வையற்றவருக்கு மீதிப் பணத்தை மொத்தமாகத் திணிக்காமல், ஒவ்வொரு நோட்டாகச் சொல்லிக் கையில் கொடுங்கள். புதிய 100 ரூபாயில் தடவினால் தெரியும் முக்கோணமும், 500 ரூபாயில் வட்டமும் உண்டு. நோட்டின் நீளமும் மாறும்: 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. கசங்கிய நோட்டில் இந்த அடையாளம் தேய்ந்துவிடும். ஆகவே நல்ல நோட்டாகக் கொடுப்பதே மரியாதை. காது கேளாதவருக்குத் தொகையைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். தராசின் எண் அவர் பக்கமும் தெரியட்டும்.

நாளை நமக்கும்

காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரும் தொழில் நமது. சர்க்கரை நோயால் காலை இழந்தவரும், வாத நோயால் ஒரு பக்கம் விழுந்தவரும் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். சொத்து வைத்திருக்கவும், தம் வரவு செலவைத் தாமே நடத்தவும், வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமையை இந்தச் சட்டம் அவர்களுக்கும் தருகிறது. இன்று நாம் போடும் பலகையில் நாளை நாமே ஏற வேண்டி வரலாம்.

அந்த அண்ணாச்சி இப்போது மறுபடியும் நம் கடைக்கு வருகிறார். பலகை போட்டிருக்கிறோம். உள்ளே வந்து, பருப்பை அள்ளிப் பார்த்து, "போன மாசத்து சரக்கு இதைவிட நல்லா இருந்துது" என்று குறையும் சொல்கிறார். வாடிக்கையாளர் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்!