இரும்பை ஒட்டக் கற்பித்த புகையடுப்பு

இறைச்சி சமைக்க வேண்டுமென்றால் நாம் அடுப்படிக்குப் போவோம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலோ சிலர் முதலிற் போவது பழைய இரும்புக் கடைக்கு! எண்ணெய்க் குழாயொன்றையோ எரிவாயுத் தாங்கியொன்றையோ வாங்கிவந்து, வெட்டி, வெல்டிங் முறையால் உருக்கியொட்டி, புகையடுப்பைத் தாமே ஆக்கிக்கொள்கின்றனர். அத்தொழிலை முன்பின் அறியாதவர்களும், அடுப்பு முடியுந் தறுவாயில் அதிற் கைபழகி விடுகின்றனர் என்பதுதான் நம்மைக் கவர்ந்த செய்தி.

அந்த மண்ணுக்கு இது இயல்பே. 1901 ஜனவரியில் ஸ்பிண்டில்டொப் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டெழுந்த நாள் முதலாக, அங்கே குழாய்களுக்கும் அவற்றை ஒட்டுவோருக்கும் குறைவில்லை. ஆஸ்டின் நகரில் 2009 ஆம் ஆண்டு ஓர் இழுவை வண்டியிற் கடை தொடங்கிப் புகழ்பெற்ற ஆரன் பிராங்கிளின், 1,000 கலன் எரிவாயுத் தாங்கிகளை அடுப்புகளாக மாற்றியவர். 2015 இல் வெளிவந்த அவரது நூலில் அடுப்புக் கட்டும் விதமும் கூறப்பட்டுள்ளது.

நமது இறப்பர்த் தோட்டங்களின் புகைக்கூடத்தைக் கண்டவர்க்கு இவ்வடுப்பின் அமைப்பு எளிதில் விளங்கும். ஒரு பக்கத்தில் நெருப்புப் பெட்டி, நடுவே இறைச்சி வைக்கும் நீண்ட அறை, மறுபக்கத்திற் புகைபோக்கி. ஓக் விறகின் புகையும் வெம்மையும் அறையூடே சென்று, 120 முதல் 135 பாகை செல்சியஸ் வரையான சூட்டில், மாட்டின் நெஞ்சிறைச்சியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பதப்படுத்தும். சூடு தளம்பாதிருக்கக் கால் அங்குலத் தடிப்புள்ள இரும்பை விரும்புவர். கற்பவனுக்கும் அதுவே நன்று. மெல்லிய தகடாயின் ஒரு நொடியில் ஓட்டை விழுந்துவிடும்.

தொழிலின் சூட்சுமம் கையில் இருக்கிறது. ஒட்டுக்கம்பியின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையே சிறு இடைவெளி மாறாதிருக்க வேண்டும். நாமும் ஒருமுறை அயலிலுள்ள கராஜில் முயன்று பார்த்தோம். கம்பி தகட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கராஜ்காரர் சிரித்தபடி அதைத் திருகி விடுவித்தார்.

ஆயினும் விளையாட்டாக எண்ணத்தக்க வேலையன்று இது. முகமூடியின்றி அவ்வொளியைப் பார்த்தவனுக்கு உடனே ஒன்றுந் தெரியாது. சில மணி நேரஞ்சென்ற பின், கண்ணில் மணல் கொட்டியது போல வேதனை எழும். நாகம் பூசிய தகட்டை ஒட்டினால் எழும் வெண்புகை, அன்றிரவே குளிரும் காய்ச்சலும் தரும். எல்லாவற்றினுங் கொடியது வெறுந்தாங்கி. வெறுமையென்று நாம் நினைக்கும் தாங்கியினுள்ளே எஞ்சிய ஆவி காற்றோடு கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டாற் போதும், உயிரே போய்விடும். ஆகவே வாயுவை முற்றாக வெளியேற்றி, உள்ளே கழுவி, நீர் நிரப்பிய பின்னரே அறிந்தோர் வெட்டத் தொடங்குவர். முன்னர் எதை அடைத்திருந்தது என்பது தெரியாத பீப்பாவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதிருப்பதே மேல். எரிபொருட் பீப்பாவை வெட்டுவோர் நம்மூரிலும் உண்டாதலின் இதனைச் சற்று விரித்துரைத்தோம்.

கதவு வெட்டுவதில் ஒரு வேடிக்கை உண்டு. வளைந்த இரும்பினுள் இறுக்கம் அடங்கிக் கிடப்பதால், வெட்டியெடுத்த துண்டு வடிவம் மாறி, தன் இடத்திலேயே பொருந்தாமற் போகும். எனவே பாதி வெட்டியதுமே பிணைச்சலை ஒட்டிவிட்டு, மிகுதியைப் பின்னர் வெட்டுவர். நீண்ட ஒட்டையும் ஒரே மூச்சில் இடுவதில்லை. இரும்பு ஆறும்போது சுருங்கி இழுக்குமாதலால், அங்கங்கே பொட்டுப் பொட்டாகப் பிடித்துவிட்டுத் தொடர்வர்.

பரீட்சை வைப்பதும் அவ்வடுப்பே. முதல் நாள் இறைச்சியில்லாமல் ஈரவிறகிட்டுப் புகைக்கச் செய்வர். ஒட்டுப் பிழைத்த இடத்தில் நூல்போலப் புகை கசியும். அவ்விடங்களைச் சோக்கட்டியாற் குறித்து, அடுப்பு ஆறியதும் அரைத்தெடுத்து மீண்டும் ஒட்டுவர். கசிவு நின்ற பின் உட்புறமெங்கும் எண்ணெய் பூசி ஒரு பகல் முழுதும் எரிய விடுவர். இறைச்சி வைப்பது அடுத்த கிழமைதான்.