வெந்நீர் யந்திரத்தின் பிடிவாதம்

மார்கழி பிறந்துவிட்டால் டில்லிவாழ் தமிழர் இல்லங்களில் விடியற்காலைப் பேச்சு பெரும்பாலும் வெந்நீரைப் பற்றியதாகவே இருக்கும். காவிரிக் கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ பிறந்து, எம்மாதத்திலும் பச்சைத் தண்ணீரில் முழுகி எழுந்து பழகிய உடம்பு, 5 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கும் ஜனவரிக் காலைகளில் அந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறது. மின்சாரச் செலவுக்கு அஞ்சி, சமையல் வாயுவினால் இயங்கும் சிறிய கீஸரைச் சுவரில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் நம்மில் பல. குழாயைத் திறந்த கணமே சூடான நீர் கொட்டுவது சௌகரியந்தான். ஆனால் அதே யந்திரம் ஒரு நாள் எரிகிறது. மறுநாள் எரிய மறுக்கிறது. தலையில் சீயக்காய் தேய்த்திருக்கும் சமயம் பார்த்து அணைந்தும் போகிறது. "அம்மா, மறுபடியும் தண்ணீர் சில்லிட்டுப்போச்சு!" என்னும் குரல் எழாத வீடு அபூர்வம்.

இந்தப் பிடிவாதத்திற்குக் காரணம் உண்டு. அதனை அறிய யந்திரத்தின் வயிற்றுக்குள் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். கீஸருக்குள் நுழையும் நீர் ஓர் இடுக்கமான வழியினூடே செல்லுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. நீர் ஓடும்போது அவ்விடுக்கத்தின் இரு பக்கத்திலும் அழுத்தம் ஒன்றாக இராது. அந்த இரண்டு அழுத்தங்களுக்கும் நடுவே வட்டமான ரப்பர் சவ்வு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். மிஸ்திரிகள் அதை டயாப்ரம் என்பார்கள். நீர் போதிய வேகத்தில் ஓடினால் சவ்வு வளைந்து ஒரு மெல்லிய கம்பியைத் தள்ளும். கம்பி நகர்ந்ததும் பக்கத்திலுள்ள சிறு ஸ்விட்சு இயங்கும். அதன் பின்னரே பாட்டரியின் மின்சாரம் பொறியைத் தெறிக்கச் செய்யும். வாயுவின் வால்வும் திறக்கும். நீர் ஓடவில்லையேல் நெருப்பு எரியக் கூடாது என்பதே இத்தனை ஏற்பாட்டின் நோக்கம்.

ஆகவே, கீஸர் எரியாதபோது முதலில் சந்தேகிக்க வேண்டியது யந்திரத்தை அன்று, தண்ணீரை. 10 அடி உயரத்திலிருந்து இறங்கும் நீருக்குச் சுமார் 0.3 பார் அழுத்தமே உண்டு. மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் இடையே அவ்வளவு உயரங்கூட இராது. தொட்டி நிறைந்திருக்கும் இரவில் நன்றாக எரிந்த கீஸர், தொட்டி வற்றியிருக்கும் காலையில் எரியாமல் இருப்பது இதனால்தான். குளியலறையில் நீர் விழுந்துகொண்டிருக்கும்போது சமையலறைக் குழாயை ஒருவர் திறந்து பார்க்கட்டும். உடனே சுடர் அணைந்தால் குற்றம் அழுத்தத்திலேதான். புதுக் கீஸர் வாங்கினாலும் அந்தக் குறை தீராது. தொட்டியை உயர்த்துவதோ, சிறிய பம்ப் ஒன்றை வைப்பதோதான் வழி.

அழுத்தம் சரியாக இருந்தும் தகராறு செய்தால், நீர் நுழையும் வாயிலிலுள்ள வலைச்சல்லடையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் குடியிருப்புகளில் சில மாதங்களுக்குள் மணலும் சுண்ணாம்புப் படிவும் அதை அடைத்துவிடும். நீரின் வாயிலை மூடிவிட்டு, சல்லடையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷினால் தேய்த்துக் கழுவுவது எவரும் செய்யக்கூடிய வேலை. எத்தனையோ மிஸ்திரிகள் இதை மட்டுமே செய்துவிட்டு ஒரு பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு போகிறார்கள்!

பிறகு, காதைக் கூர்மையாக்கிக் கொள்ள வேண்டும். குழாயைத் திறந்ததும் "டக் டக்" என்று பொறி தெறிக்கும் ஓசையே எழவில்லை என்றால், பாட்டரியோ, சவ்வோ, சிறு ஸ்விட்சோ பழுதாகியிருக்கும். பாட்டரி மாற்றுவது எளிது, 1.5 வோல்ட் கொண்ட தடித்த பாட்டரிகள் இரண்டு, குளிர்காலத் தொடக்கத்தில் புதிதாகப் போட்டுவிட்டால் அந்தச் சந்தேகம் ஒழியும். ஓசை கேட்கிறது, சுடர் மட்டும் வரவில்லை என்றால் வாயு வந்து சேரவில்லை. சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கலாம். கடுங்குளிரில் சிலிண்டருக்குள் உள்ள திரவம் போதிய வேகத்தில் ஆவியாவதும் இல்லை. சுடர் தோன்றி ஓரிரு விநாடிகளில் மறைந்தால், சுடரை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கும், அல்லது அது இடம் பெயர்ந்திருக்கும். சுமார் 20 நிமிஷம் எரிந்த பின் அணைந்தால் அது பழுதே அன்று. பல கீஸர்களில் அவ்வாறே கட்டளை செய்து வைத்திருக்கிறார்கள்.

இவை யாவும் தாண்டி, ஒரு நாள் எரிவதும் ஒரு நாள் எரியாததுமாகவே இருந்தால், ரப்பர் சவ்வு இறுகிப்போயிருக்கும் அல்லது நுண்ணிய கிழிசல் கண்டிருக்கும். கம்பியில் படிவு ஏறிச் சிக்கிக்கொள்வதும் உண்டு. குழாயை மூடிப் பாருங்கள். சுடர் உடனே அணைய வேண்டும். சற்றே தயங்கி அணைந்தாலும் கம்பி சிக்குகிறது என்று பொருள். அப்பொழுது சிலிண்டரை மூடிவிட்டு, தேர்ந்த ஆளை அழைப்பதே அறிவுடைமை.

அப்படி வருகிற ஆளிடமும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சவ்வைத் தேடி வாங்கச் சோம்பியவர்கள் சிலர், ஸ்விட்சின் இரு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிடுவதுண்டு. "பாயீ ஸாஹப், இனிமேல் தொந்தரவே இல்லை" என்பார்கள். உண்மைதான், காவற்காரனை வெளியேற்றிவிட்டால் வாயிலில் வாக்குவாதம் எழாதல்லவா? நீர் நின்ற பின்னும் நெருப்பு எரிந்தால், செப்புக் குழாயில் தேங்கிய நீர் கொதித்து நீராவியாகிக் குழாயையே வெடிக்கச் செய்துவிடும்.

இவ்விடத்தில் நம் பிள்ளைகள் வசிக்கும் குளிர்நாடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. சிகாகோவிலும் டொராண்டோவிலும் வீடு முழுவதையும் சூடேற்றும் வாயு உலை பெரும்பாலும் நிலவறையில் இருக்கும். அதிலும் இதே போன்ற சவ்வும் ஸ்விட்சும் உண்டு. ஆனால் அவை நீரின் அழுத்தத்தை அல்ல, புகையை வெளியே இழுக்கும் விசிறியின் காற்றழுத்தத்தை அளக்கின்றன. புகை வெளியேற வழி இருந்தாலன்றி அந்த உலை எரியாது. மெல்லிய ரப்பர்க் குழலில் நீர்த்துளி தேங்கினாலும், வெளிவாயிலைப் பனி மூடினாலும் அது நின்றுவிடும். அங்கும் அது ஓயாத தலைவலியே. ஆயினும் அந்தத் தலைவலி உயிர் காக்கிறது.

நம் ஊர்க் கீஸர்களிலோ நீரைக் கவனிக்கும் காவல் உண்டு. புகையைக் கவனிக்கும் காவல் பலவற்றில் இல்லை. நிமிஷத்திற்கு 6 லிட்டர் நீரைச் சுடவைக்கும் கீஸர், கால் மணி நேரத்தில் ஏறக்குறைய கால் கிலோ வாயுவை எரிக்கும். அதற்குச் சுமார் 3 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடி அகலமும் 7 அடி நீளமும் கொண்ட குளியலறையில் இருக்கும் காற்றே 8 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடி, காற்றுத் துவாரத்திலும் துணியைச் செருகிவிட்டால், பிராணவாயு குறைந்து வாயு அரைகுறையாக எரியத் தொடங்கும். நீலச் சுடர் மஞ்சளாகும். கார்பன் மோனாக்ஸைடு பிறக்கும். சிலிண்டர் கசிந்தால் நாறுகிறதே, அந்த நாற்றம் நம்மை எச்சரிப்பதற்காகவே வாயுவில் கலக்கப்பட்டது. இந்த நச்சுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இதனை 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்ற வரிசையில் ஆள் சாய்ந்துவிடுகிறார். தாழ்ப்பாளைத் திறக்கவும் கை எழுவதில்லை. குளிர்காலந்தோறும் வடநாட்டுப் பத்திரிகைகளில் இத்தகைய மரணச் செய்திகளைக் கண்டு வருகிறோம்.

எனவே கீஸர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனியில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு வசதியில்லை என்றால், கதவைத் திறந்து வைத்து வாளிகளை நிரப்பிக்கொண்டு, யந்திரத்தை அணைத்துக் காற்று மாறிய பிறகே குளிக்கச் செல்லலாம். குளிக்கப் போனவர் வெகுநேரம் குரல் கொடுக்காவிட்டால் கூச்சம் பாராமல் கதவைத் தட்ட வேண்டும். பதில் இல்லையேல் உடைக்க வேண்டும். முதலில் வாயுவை மூடி, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 112 எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும், குளியலறையில் காஸ் கீஸர் எரிந்துகொண்டிருந்தது என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்கலாகாது. அதைக் கேட்டால்தான் அவர் வெறும் மயக்கம் என்று எண்ணிவிடாமல், இரத்தத்தில் அந்த நச்சு ஏறியிருக்கிறதா என்று சோதித்துப் பிராணவாயு கொடுப்பார்.