முதலில் வரப்பு, பிறகு தண்ணீர்!

உங்கள் வீட்டுப் பரணிலோ, பீரோவின் மேல்தட்டிலோ அரசாங்க முத்திரை போட்ட பழைய லாப்டாப் ஒன்று உறங்கிக் கொண்டிருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை.

தமிழ்நாட்டில் 2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி மாணவர்களுக்கு இலவச லாப்டாப் வழங்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. அந்த யந்திரங்களில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே டிஸ்க்கில் இரண்டு குடித்தனம்! ஒரு பக்கம் விண்டோஸ்; இன்னொரு பக்கம், நம் நாட்டு ஸி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' என்னும் லினக்ஸ். பொத்தானை அமுக்கியதும், "இன்றைக்கு யார் வீட்டுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்கும். நடுவில் சுவர் எழுப்பியிருந்ததால்தான் இரண்டும் சண்டையில்லாமல் இருந்தன.

அன்று படித்த பெண்ணுக்கு இன்று கல்யாணமாகி, குழந்தையும் பள்ளிக்கூடம் போகிறது. யந்திரமோ, திறந்தால் விழிப்பதற்குள் ஒரு டம்ளர் காப்பி ஆறிவிடுகிறது. இதற்கு நல்ல மருந்து, உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற புதிய டிஸ்க்கைப் போடுவது. பழைய லாப்டாப்புகளில் அநேகமாகப் பின்பக்கம் நாலைந்து திருகாணிகளைக் கழற்றினால் போதும். கடைக்காரரும் செய்து கொடுப்பார். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: "டிஸ்க்கை எப்படிப் பிரித்தீர்கள்?"

"என்ன அம்மா பிரிப்பது? எல்லாம் 'ஸி'யில்தான் இருக்கிறது" என்று பதில் வந்தால், அங்கேதான் பின்னால் வரப்போகும் தொல்லை இருக்கிறது. விண்டோஸ் ஒரு நாள் படுத்துவிட்டால் அதை அடியோடு அழித்துப் புதிதாகப் போடுவார்கள். அதே அறையில் இருந்த பேத்தியின் முதல் மழலைப் பேச்சும், மறைந்த பெரியவரின் ஒரே நல்ல போட்டோவும், வீட்டுப் பத்திரத்தின் நகலும் அத்துடன் போகும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊரை விட்டு வெளியே வந்தால் சாலையின் இரு பக்கமும் உப்பளந்தானே! தேக்கி வைக்கும் இடம் ஒன்று, வெயிலில் சுண்ட விடும் இடம் ஒன்று, உப்பு பூக்கும் பாத்தி ஒன்று என்று வரப்புப் போட்டுக் கொண்ட பிறகே உப்பு நீரை விடுகிறார்கள். தண்ணீரை விட்டபின் வரப்புப் போடுவாருண்டோ? டிஸ்க்கும் அப்படித்தான். காலியாக இருக்கும்போது பிரிப்பது ஐந்து நிமிஷ வேலை. நிரம்பிய பிறகும் பிரிக்கலாம். ஆனால் நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நெஞ்சு அடித்துக் கொண்டே இருக்கும்.

யந்திரம் விழிப்பதை 'பூட்' ஆவது என்கிறார்கள். காலில் போடும் பூட்ஸேதான்! தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத் தூக்கிக் கொண்டவன் என்று மேல்நாட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அதிலிருந்து வந்த பெயர். பெயர் கிடக்கட்டும். நடக்கும் காரியத்தைத் துறைமுகத்தில் பார்க்கலாம். பெரிய கப்பல் எதுவும் தானாகத் துறைக்குள் நுழைந்துவிடுவதில்லை. வழிகாட்டியான பைலட் ஏறி, எந்த இடத்தில் அணைய வேண்டுமோ அங்கே கொண்டு சேர்க்கிறார். டிஸ்க்கிலும் ஒரு பைலட்டுக்கு இடம் வேண்டும். புதிய யந்திரங்களில் இதற்கென்று சுமார் 100 எம்.பி. அளவில் ஒரு சின்னஞ்சிறு பகுதி இருக்கும். இ.எஃப்.ஐ. பகுதி என்பார்கள். "இது என்ன, எதற்கும் உதவாத சுண்டைக்காய்!" என்று அதை அழித்துவிட்டால் யந்திரம் கறுப்புத் திரையைக் காட்டிக் கொண்டு நிற்கும். விண்டோஸ் தன் சௌகரியத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு சிறு பகுதிகள் செய்து கொள்ளும். அவற்றையும் தொட வேண்டாம்.

டிஸ்க்கின் வரப்புக் கணக்கை எழுதி வைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. எம்.பி.ஆர். என்பது 1983-இல் வந்த பழைய முறை. நேரடியான பகுதிகள் நாலுக்கு மேல் கூடாது, 2 டி.பி.க்கு மேற்பட்ட இடத்தை அதற்கு எண்ணத் தெரியாது. ஜி.பி.டி. என்பது புதிய முறை. கணக்கின் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் எழுதி வைக்கும் புத்திசாலி. உங்கள் யந்திரத்தில் யு.இ.எஃப்.ஐ. வசதி இருந்தால் யோசிக்காமல் ஜி.பி.டி.யைத் தேர்ந்தெடுங்கள். பயாஸ் மட்டுமே உள்ள பழைய யந்திரமானால் எம்.பி.ஆர். தான். அதில் ஜி.பி.டி. டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் விழிக்காது.

வேலையைத் தொடங்குமுன், பழைய டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். எடுத்ததாக நினைத்துக் கொள்ளாமல், நாலு போட்டோவையாவது திறந்து பாருங்கள். சற்றுப் புதிய யந்திரமானால் பிட்லாக்கர் பூட்டு இருக்கக்கூடும். அதற்குரிய 48 இலக்கச் சாவி எண்ணை நோட்டில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பிறகு, 8 ஜி.பி.க்குக் குறையாத பென் டிரைவில் நிறுவும் மென்பொருளை ஏற்றி, அதிலிருந்து யந்திரத்தை எழுப்ப வேண்டும்.

எதைப் போடுவது? விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 அந்த 2011-ஆம் வருஷத்து யந்திரத்தை வாசற்படியிலேயே நிறுத்திவிடும். ஆகவே லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றுதான் என் சிபாரிசு. காசும் கேட்காது, தமிழும் எழுதும்.

இப்போது அபாயமான ஒரு நிமிஷம் வருகிறது. எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று திரை கேட்கும். 'டிஸ்க் 0', 'டிஸ்க் 1' என்று இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல நிற்கும். நகலெடுத்து வைத்த வெளி டிஸ்க்கையே அழித்துவிட்டுக் கையைப் பிசைந்தவர்கள் உண்டு. சுலபமான உபாயம், பென் டிரைவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முன்பே கழற்றி வைத்துவிடுவதுதான். கழற்றியதை யாருக்கு அழிக்கத் தெரியும்? அப்புறமும் அளவைப் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

அளவைப் பார்க்கும்போது இன்னொரு திடுக்கிடல். 500 ஜி.பி. என்று வாங்கிய டிஸ்க், விண்டோஸில் 465 என்று காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தயாரித்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணினார். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஊருக்கு ஊர் படி வேறாக இருந்ததே, அந்தக் கதைதான். சரக்கு குறையவில்லை.

எவ்வளவு பிரிப்பது? வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில் சிப்பிக் குவியலில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்கு ஒரு பங்கு. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. உங்கள் டிஸ்க்கில் அந்த நியாயத்தைத் தலைகீழாக்கி விடுங்கள். யந்திரத்தை ஆளும் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ ஒரு பங்கு. குடும்பத்துக்கு இரண்டு பங்கு. 500 ஜி.பி. டிஸ்க்கானால் முதல் பகுதிக்கு 150 தாராளம். விண்டோஸ் அந்த எண்ணை எம்.பி.யில் கேட்கும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். 150 என்று அடித்தால் உளுந்து அளவு இடந்தான் கிடைக்கும். 153600 என்று அடிக்க வேண்டும்.

மிச்சத்தை 'டி' என்று பெயரிட்டு, டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய உறைகளின் இருப்பிடத்தை அங்கே மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் எல்லாம் பழையபடி 'ஸி'யிலேயே போய் விழும்; வரப்புப் போட்டும் பயனில்லை. லினக்ஸில் 'ஹோம்' என்று தனிப் பகுதி வைத்தால் போதும். "முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு" என்ற வழியை விட்டு, நாமே பிரித்துக் கொள்ளும் வழியில் போக வேண்டும். பிறகு எப்போது மறுபடி நிறுவினாலும் ஹோம் பகுதிக்கு 'ஃபார்மட்' குறி போடாமலிருந்தால், அதிலுள்ள சாமான் அங்கேயே இருக்கும்.

இவ்வளவும் செய்தபின், "இனிக் கவலையில்லை" என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பகுதியும் ஒரே டிஸ்க்கில்தானே இருக்கின்றன? 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே! வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் அது 'ஸி'யையும் 'டி'யையும் பிரித்துப் பார்க்காது. ஆகையால் 'டி'யின் நகல் ஒன்று வேறு டிஸ்க்கில், வேறு ஊரில் இருக்கட்டும். பாளையங்கோட்டை அக்கா வீட்டு பீரோவில் ஒரு மூலை கேட்டால் தரமாட்டாளா?

கழற்றிய பழைய டிஸ்க்கை அன்றைக்கே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நகலெடுக்க விட்டுப்போனது எது என்பது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ஞாபகம் வரும். உப்புக் காற்று படாமல் உறையில் சுற்றி, மேலே ஒரு காகிதத்தில் தேதி எழுதி ஒட்டி வையுங்கள்.