அப்பா செய்த பின்பால் மெஷினுக்குப் புது மூளை

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் ஸ்பேஸ் கேடட் பின்பால் விளையாட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு மேலே பாயும். அது கீழே உருண்டு வரும்போது ஃபிளிப்பர் எனப்படும் இரண்டு கைகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். விண்டோஸ் விஸ்டாவில் அந்த விளையாட்டு நீக்கப்பட்டுவிட்டது.

எங்கள் வீட்டில் அதற்கும் முன்பே ஒன்று இருந்தது, மரத்தில். 1986 கோடை விடுமுறையில் அப்பா செய்தது. நான்கடி நீள பிளைவுட் பலகை, வரிசையாக ஆணிகள், சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் வளையங்கள், லேத் பட்டறையில் கேட்டு வாங்கிய பேரிங் குண்டு. ஃபிளிப்பர்களை அடியில் நூல் கட்டி இழுக்க வேண்டும். ஏழு குழிகளுக்கும் அப்பா பெயின்ட்டில் தன் கையால் மதிப்பெண் எழுதியிருந்தார். ஸ்கோரை அம்மா சிலேட்டில் கூட்டிச் சொல்வார்.

அப்பா காலமான பிறகு பரணிலேயே கிடந்ததைப் போன வருடம் இறக்கினேன். டியூப் ரப்பர் தொட்டாலே உதிர்ந்தது. ஆணிகள் துருப்பிடித்திருந்தன. "ஆர்டுயினோ போட்டுடலாம்ப்பா" என்றான் மகன். சரி என்றேன், ஆனால் ஒரு நிபந்தனை. பலகையின் மேல்பக்கம் புதிதாக ஓர் ஓட்டைகூட விழக்கூடாது, அப்பாவின் எழுத்தில் உப்புத்தாள் படக்கூடாது. ஆகவே மேலே ரப்பரும் ஆணியும் மட்டுமே மாறின, அதுவும் அதே துளைகளில். மற்ற எல்லா வேலையும் பலகைக்கு அடியில்தான்.

ஆர்டுயினோ என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் வேண்டும், மானிட்டர் வேண்டும். ஆர்டுயினோவுக்கு இரண்டும் வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் சிறிய போர்டு அது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி யுஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றிவிட்டால், பிறகு கரண்ட் கொடுத்தவுடன் அந்த ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்ப இயக்கிக்கொண்டிருக்கும். நான் வாங்கியது ஊனோ மாடல். சுவிட்ச், விளக்கு போன்றவற்றை இணைக்க அதில் 14 டிஜிட்டல் பின்கள் உள்ளன.

கரண்ட்டுக்குப் பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் பயன்பட்டது. அதில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு. பச்சை ஒயரைக் கறுப்புடன் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகும். அதன் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

கருகல் வாசனை

நூலுக்குப் பதில் ஃபிளிப்பரை இழுப்பது சொலினாய்டு. கம்பி சுற்றிய காயிலில் கரண்ட் பாய்ந்தால் நடுவில் உள்ள இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். என் காயிலின் தடை 3 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர் பாயும். ஆர்டுயினோவின் ஒரு பின் தாங்குவதோ அதிகபட்சம் 40 மில்லி ஆம்பியர்தான், அதாவது நூறில் ஒரு பங்கு. எனவே நடுவில் மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்சை வைக்க வேண்டும். பின் கொடுக்கும் 5 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் லாஜிக் லெவல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

என் முதல் மாஸ்ஃபெட் பத்துத் தட்டுகூடத் தாங்கவில்லை. தப்பு என்னுடையது, டயோடு போடவில்லை. காயிலில் ஓடும் கரண்ட்டை டக்கென்று நிறுத்தினால், அது எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜை உதைத்துத் தள்ளும். 1என்4007 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம் இருக்குமாறு காயிலுக்குக் குறுக்கே இணைத்தால் அந்த உதை அதற்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். விலை சில ரூபாய்தான்.

அடுத்தது பயமுறுத்திவிட்டது. பட்டனை அழுத்தியபடி மகன் யோசித்துக்கொண்டு நின்றான். கருகல் வாசனை வந்தது. 12 வோல்ட், 4 ஆம்பியர் என்றால் 48 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் போல! காயிலுக்கு நேர் மேலேதான் அப்பா எழுதிய 100. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். பிளைவுட் லேசாகப் பழுத்ததோடு தப்பியது.

இதற்குத் தீர்வு புரோகிராமில்தான் கிடைத்தது. குண்டைத் தட்டத்தான் முழு சக்தி வேண்டும். ஃபிளிப்பர் உயர்ந்தபின் அதை அப்படியே பிடித்து வைக்கக் கொஞ்சம் போதும். ஆகவே முதல் 50 மில்லி செகண்ட் முழு கரண்ட், பிறகு பிடபிள்யூஎம் முறையில் அதை வேகமாக ஆன், ஆஃப் செய்து சராசரியைக் குறைத்தேன். இப்போது காயில் லேசாக ரீங்காரமிடுகிறது, சூடு ஏறுவதில்லை. கடைகளுக்கென்று செய்யப்படும் பின்பால் மெஷின்கள் பலவற்றில் இதே வேலைக்கு ஒரே காயிலில் இரண்டு சுற்றுகள் இருக்கும், ஒன்று அடிக்க, ஒன்று பிடிக்க.

கள்ளக் கணக்கு

குழிகளுக்கு அடியில் மைக்ரோ சுவிட்ச் பொருத்தினேன். விழும் குண்டு அதன் கம்பியை அழுத்திவிட்டு உருண்டோடும். ஸ்கோர் எல்சிடியில் தெரியும். அம்மா பழக்கத்தில் சிலேட்டையும் எடுத்து உட்கார்ந்தார். மூன்றாவது குண்டிலேயே, "உன் மெஷின் கள்ளக் கணக்கு எழுதுதுடா" என்றார். 50 விழுந்தால் 200 ஏறுகிறது!

சுவிட்சின் உலோகத் தகடுகள் ஒட்டும்போது சில மில்லி செகண்டுகள் துள்ளும். நமக்கு ஒரே அழுத்தம், ஆர்டுயினோவுக்கு நாலைந்து. உங்கள் கீபோர்டிலும் இதே தொல்லை உண்டு. ஒருமுறை தட்டினால் ஒரே எழுத்து விழுவதற்குக் காரணம், அதற்குள் இருக்கும் சிறிய சிப் இந்தத் துள்ளலை வடிகட்டுவதுதான். நானும் ஒரு சுவிட்ச் அழுந்தியபின் 50 மில்லி செகண்டுக்கு அதைக் கவனிக்காதே என்று எழுதினேன். கணக்கு சரியானது.

ஒரு குழியின் எண் முழுவதும் உதிர்ந்திருந்தது. அம்மாவைக் கேட்டேன். "75. அதுல விழவே விழாது" என்றார். புரோகிராமில் 75 என்று சேர்த்தேன். பலகையில் எழுதவில்லை.

அதிகபட்ச ஸ்கோர் ஊனோவின் ஈஈபிராமில் பதிவாகிறது. கரண்ட் போனாலும் அழியாத 1,024 பைட் நினைவகம் அது. ஒவ்வோர் இடத்திலும் சுமார் 1 லட்சம் முறைதான் எழுதலாம் என்பதால், பழைய சாதனை முறிந்தால் மட்டும் எழுதச் செய்தேன்.

குண்டு மந்தமாக உருண்டால் சாய்வைப் பாருங்கள். சுமார் ஆறரை டிகிரி நல்லது. எங்கள் பலகைக்குப் பின்பக்கத்தை ஐந்தரை அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது, இரண்டு மரக்கட்டைகள் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் அந்த இடத்தில் இரண்டு டெலிபோன் டைரக்டரிகள் இருந்தன.