பட்டமரங்கள் இல்லாத காடு

சுவீடனின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு காடு. பின்லாந்தில் அதைவிடவும் கூடுதல். வெட்டிய இடத்தில் மறுபடியும் காடு வளர்த்தே தீரவேண்டும் என்று 1903-லேயே சட்டம் போட்ட நாடு சுவீடன். அந்நாட்டுக் காடுகளில் இன்று நிற்கும் மரத்தின் கன அளவு, 1920-களில் இருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காடு வளர்ப்புக்கு எடுத்துக்காட்டாக இந்நாடுகளைச் சுட்டுவதில் வியப்பில்லை. ஆனால், இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019-இல் பின்லாந்து வெளியிட்ட செம்பட்டியலின்படி, அங்கே 2,667 உயிரினங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காட்டையே முதன்மை வாழிடமாகக் கொண்டவை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த மதிப்பீடு, அந்நாட்டுக் காட்டு வாழிட வகைகளில் 76 விழுக்காடு ஆபத்துக்குள்ளாகியிருப்பதாகச் சொன்னது. மரம் பெருகிய அதே காட்டில், மரத்தை நம்பிய உயிர்கள் எப்படிக் குறையும்? காட்டை மேலாண்மை செய்யும் முறையில்தான் விடை இருக்கிறது. அந்த முறை மரத்தை நன்றாகவே வளர்க்கிறது. ஆனால், மரம் முதிர்ந்து தானாகச் சாக விடுவதில்லை. வடபுலக் காடுகளின் பல்லுயிர் வளத்தில் பெரும்பங்கு அந்த முதுமையையும் சாவையும் நம்பியே இருக்கிறது.

பட்ட பிறகு தொடங்கும் வாழ்வு

வடக்கே பைன் மரம் நானூறு ஆண்டுகள்கூட வாழும். பட்ட பிறகும் உடனே சாய்ந்துவிடுவதில்லை. பட்டை உரிந்து, வெயிலிலும் பனியிலும் வெளுத்து, வெள்ளி நிறத்தில் பல பத்தாண்டுகள் நின்றுகொண்டிருக்கும். இப்படி நிற்கும் பட்டமரத்துக்கென்றே ‘கேலோ’ என்று பின்லாந்து மொழியில் தனிச்சொல் உண்டு. விழுந்த பிறகும் அது மட்கி மண்ணாக நெடுங்காலம் ஆகும். அவ்வளவு காலமும் அந்த மரத்தில் குடியிருப்போர் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதலில் பட்டைக்கு அடியில் துளைக்கும் வண்டுகள் வரும். அடுத்து மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகள். அந்தப் பூஞ்சைகளையே தின்று வாழும் வேறு வண்டுகள். கட்டை மெத்தென்று ஆனதும் பாசிகளும், அதன்மேல் வேர்விடும் ஸ்புரூஸ் கன்றுகளும். பிர்ச் கட்டையில் வாழ்வது பைன் கட்டையில் வாழாது. வெயிலில் கிடக்கும் கட்டையை விரும்புவது நிழலில் கிடப்பதைத் தேடாது. பின்லாந்தில் மட்டும் 4,000 முதல் 5,000 இனங்கள் ஏதோ ஒரு வகையில் பட்ட மரத்தைச் சார்ந்திருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அந்நாட்டுக் காட்டில் வாழும் இனங்களில் இது நாலில் ஒரு பங்கு வரை வரும்.

அந்நாட்டின் தென்பகுதியில், கைபடாத பழங்காடுகளில் ஹெக்டேருக்கு 60 முதல் 90 கனமீட்டர் வரை பட்ட மரம் இருக்கும். மேலாண்மைக்கு உட்பட்ட காடுகளில் அது பெரும்பாலும் 10 கனமீட்டருக்கும் கீழே. ஊரில் பத்தில் ஒன்பது வீடுகளை இடித்துவிட்டால் மிச்சமிருக்கும் வீட்டுக்குள் எல்லோரும் ஒடுங்கிவிட முடியாது. பாதிப்பேருக்கு மேல் ஊரைவிட்டே போக வேண்டியதுதான். வெண்முதுகு மரங்கொத்திக்கு நேர்ந்தது அதுதான். பட்டுப்போன பிர்ச், ஆஸ்பென் போன்ற அகன்ற இலை மரங்களில் வண்டுப் புழு தேடி உண்ணும் அந்தப் பறவை, சுவீடனில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. மட்கிய பிர்ச் அடிமரத்தைத் தானே குடைந்து கூடமைக்கும் வில்லோ டிட் என்ற, ஒருகாலத்தில் எங்கும் காணப்பட்ட சின்னஞ்சிறு பறவையும் இப்போது வேகமாகக் குறைந்துவருகிறது.

ஒரே முறை ஊன்றிய வரலாறு

இது யாரும் திட்டமிட்டுச் செய்த அழிவு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் மர ஆலைகள் பெருகியபோது, பெருத்த மரங்களாகப் பார்த்துப் பொறுக்கி வெட்டினார்கள். மீந்தவை நோஞ்சான் மரங்கள் நின்ற, ஆங்காங்கே வெறிச்சோடிய காடுகள். அதைச் சரிசெய்யவே, பொறுக்கி வெட்டும் முறையைக் கைவிடச் சொல்லி 1948-இல் பின்லாந்தின் முன்னணி வனவியலாளர்கள் கூட்டறிக்கை விட்டார்கள். 1950-இல் வட சுவீடனின் அரசுக் காடுகளிலும் அம்முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அதன் இடத்தில் முழுவெட்டு வந்தது: ஒரு பகுதியை ஒட்டுமொத்தமாக மொட்டையடித்து, மண்ணைக் கிளறி, ஒரே வயதுக் கன்றுகளை நட்டு, நடுவே இரண்டு மூன்று முறை கலைத்துவிட்டு, 70 முதல் 120 ஆண்டுகளில் மறுபடியும் மொட்டையடிப்பது. மரக் கணக்கில் இது பெரும் வெற்றி. ஆனால், பயிரைக் கலைப்பதுபோல் மெலிந்த மரங்களை எடுத்துவிடும்போது, நாளை பட்டுநிற்க வேண்டியவை இன்றே லாரியில் ஏறிவிடுகின்றன. பைன் கன்றுகளுக்கு நோய் பரப்பும் பூஞ்சைக்கு இடம்கொடுக்கிறது என்று ஆஸ்பென் மரத்தைத் தேடித்தேடி ஒழித்த காலமும் உண்டு. பறக்கும் அணில் குடியிருப்பது அந்த மரத்தின் பொந்தில்தான். எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் நியாயமான காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்து, சாவே நிகழாத காட்டை உண்டாக்கிவிட்டன.

வெட்டுக்குத் தப்பிய உயிர்களையும் இந்த ஒற்றைத்தன்மை விடவில்லை. நம் சமையலில் கல்பாசி என்று சேர்ப்போமே, அந்த வகையைச் சேர்ந்த லைக்கன்கள் வடபுலப் பைன் காடுகளின் தரையில் வெண்கம்பளமாகப் படர்ந்திருக்கும். பனிக்காலத்தில் துருவ மான்களுக்கு அதுவே உணவு. மான் மேய்க்கும் சாமி மக்களின் வாழ்வும் அதைச் சார்ந்தது. மண்ணைக் கிளறுவதாலும், நெருக்கமாக நட்ட இளமரங்கள் தரையில் வெயில் விழாமல் மறைப்பதாலும் சுவீடனில் லைக்கன் செழித்த காடுகளின் பரப்பு அறுபது ஆண்டுகளில் 71 விழுக்காடு சுருங்கிவிட்டதாக 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. பல்லுயிர் இழப்பு என்பது பெயர் தெரியாத வண்டுகளின் கதை மட்டுமல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தீ செய்ததைத்தானே கோடரி செய்கிறது?

வடபுலக் காடு காலங்காலமாக எரிந்து எரிந்து துளிர்த்த காடு. முழுவெட்டு அந்தத் தீக்கு மாற்றுத்தானே என்பது வலுவான வாதம். கறுப்பு ஸ்புரூசும் ஜாக் பைனும் நிறைந்த கனடாவில், தீ மரத்தின் உச்சிவரை ஏறிப் பெரும்பரப்பை அழிப்பது இயல்பு என்பதால் அங்கே இந்த வாதத்துக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. ஆனால், தீக்கும் கோடரிக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றிருக்கிறது. தீ மரத்தைக் கொன்றாலும் அங்கேயே விட்டுச்செல்கிறது, கோடரி எடுத்துப்போய்விடுகிறது. கருகிய மரத்தில்தான் முட்டையிடுவேன் என்று, அகச்சிவப்புக் கதிரை உணரும் உறுப்போடு காட்டுத்தீயைத் தேடிப் பறந்துவரும் வண்டினம் ஒன்று உண்டு. முழுவெட்டு அதற்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை. சுவீடனிலும் பின்லாந்திலும் தீ பெரும்பாலும் தரையோடு ஓடும். தடித்த பட்டை கொண்ட முதிய பைன்கள் தழும்போடு பிழைத்து நிற்கும். ஆகவே அங்கே இயற்கை உருவாக்கியது வெறும் பொட்டலை அல்ல, பல வயது மரங்கள் கலந்த காட்டை.

இதை உணர்ந்துதான் 1993-இல் சுவீடன் தன் வனச் சட்டத்தைத் திருத்தி, உற்பத்திக்கும் சூழல் பாதுகாப்புக்கும் சமமதிப்புத் தந்தது. வெட்டும் இடத்தில் சில மரங்களை விட்டுவைப்பதும், சிலவற்றை மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் வெட்டிப் பட்டமரமாக நிறுத்துவதும் வழக்கமாயின. பலன் உண்டு: வெயிலில் நிற்கும் பட்டமரத்தை விரும்பும் வண்டுகள் பல அங்கே குடியேறின. ஆனால், விட்டுவைக்கும் அளவு பெரும்பாலும் நூற்றுக்குச் சில மரங்களே. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1998-இல் தொடங்கிய ‘எமெண்ட்’ களப் பரிசோதனை, எதையும் விடாமல் வெட்டியது முதல் 10, 20, 50, 75 விழுக்காடு மரங்களை விட்டது வரை அருகருகே ஒப்பிட்டுவருகிறது. முதுகாட்டு உயிர்கள் பலவற்றுக்குப் பத்து விழுக்காடு போதவில்லை என்பது அதன் பாடம்.

அப்படியானால் முழுவெட்டை அறவே விட்டுவிட்டு, காட்டைத் தொடர்ந்து மரநிழலிலேயே வைத்திருக்கும் தேர்வுவெட்டுக்கு மாறிவிடலாமா? பின்லாந்து 2014-இல் அதற்குச் சட்டத்தின் கதவைத் திறந்துவிட்டது. உயிருள்ள வேர்களோடு கூடிவாழும் மண்பூஞ்சைகளுக்கும், அடர்ந்த ஸ்புரூஸ் கிளைகளில் மறைந்துவாழும் சைபீரிய ஜே பறவைக்கும் இது நன்மையே. ஆனால், தேர்வுவெட்டிலும் பெருத்த மரமே முதலில் போகிறது. பட்டமரத்தைத் திட்டமிட்டு விட்டுவைக்காவிட்டால் நிழல் மட்டும் மிஞ்சும். எனவே, பழைய ஒற்றை முறைக்குப் பதில் புதிய ஒற்றை முறை தீர்வாகாது. ஓரிடத்தில் தேர்வுவெட்டு, ஓரிடத்தில் நிறைய மரங்களை விட்டுவைக்கும் வெட்டு, ஓரிடத்தில் கட்டுப்பாட்டோடு இடும் தீ, எஞ்சிய பழங்காட்டில் எதுவும் செய்யாதிருத்தல் என்று முறைகள் கலந்திருக்கும் நிலப்பரப்பே பலவகை உயிர்களுக்கும் இடம்தரும்.

மறுப்புகளும் விடைகளும்

பட்டமரங்களை விட்டால் ஸ்புரூசைத் தாக்கும் பட்டைவண்டு பெருகும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால், அந்த வண்டு பெருகத் தொடங்குவது பெரும்பாலும் புதிதாகச் சாய்ந்த மரத்தில்தான்; பழைய பட்டமரம் அதற்கு உதவாது, வண்டைத் தின்னும் பூச்சிகளுக்கே உதவும். 2005 ஜனவரியில் ‘குட்ரூன்’ புயல் தென் சுவீடனில் ஏறத்தாழ 7.5 கோடி கனமீட்டர் மரத்தை ஒரே இரவில் சாய்த்தது. அதில் மிகப்பெரும்பகுதி ஸ்புரூஸ். அதன்பின் வந்த வண்டுப் பெருக்கத்துக்கு விருந்து வைத்தது பட்டமரம் அல்ல, ஒரே மரத்தால் நிரப்பிய காடு. மரம் கான்கிரீட்டுக்கும் நிலக்கரிக்கும் மாற்று, காலநிலைக்கு நல்லது என்ற வாதமும் பாதி உண்மையே: நூறாண்டு நிற்கும் வீட்டுக்கு அது பொருந்தும், வெட்டும் மரத்தின் பெரும்பங்கோ காகிதக் கூழாகவும் எரிபொருளாகவும் போய், அதன் கரிமம் விரைவிலேயே காற்றில் கலக்கிறது. வருமான இழப்பு என்ற மறுப்பு இன்னும் நேர்மையானது. பின்லாந்துக் காட்டில் பாதிக்கு மேல் தனிக் குடும்பங்களின் சொத்து. ஊர் முழுவதற்குமான நன்மைக்கு அவர்கள் மட்டும் நட்டப்படுவது நீதியாகாது. அதனால்தான் 2008 முதல் ‘மெட்சோ’ திட்டம், காட்டைத் தாமாக முன்வந்து பாதுகாக்கும் உரிமையாளருக்கு ஈடு தருகிறது. மட்கிய பிர்ச்சுக்கு ஆலையில் கிடைக்கும் விலையோ சொற்பம். அதை விட்டுவைப்பதில் இழப்பும் சொற்பமே.

2024-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை மீட்புச் சட்டம், காடு நலமாக இருக்கிறதா என்று அளக்கும் குறியீடுகளில் நிற்கும் பட்டமரத்தையும் கிடக்கும் பட்டமரத்தையும் சேர்த்திருக்கிறது. நூறாண்டுகளாகப் பெரும்பாலும் உயிரோடு நிற்கும் மரத்தையே எண்ணிவந்த காட்டுக் கணக்கில் இது பெரிய திருத்தம். ஆனால், இன்று விட்டுவைக்கும் பைன், கேலோவாகி வெளுக்க இன்னும் சில நூறாண்டுகள் வேண்டும். கணக்கைத் திருத்துவது எளிது. அவ்வளவு காலம் கோடரியைத் தடுத்துவைப்பதே அரிது.