பூட்டைத் திறக்கும் பிள்ளைகள்

தொலைந்துவிடுமே என்ற பயத்தில் பள்ளிப் புத்தகங்கள் அலமாரிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றை வெளியே கொண்டுவர மாணவத் தொண்டர்களால் முடியும்.

புனேயின் வடகிழக்கே இருக்கும் லோஹேகாவ் பகுதிக்கு இரைச்சல் புதிதல்ல. போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்தும் இடம் இது. 2002-ல் சுகோய்-30 எம்.கே.ஐ. ரக விமானங்கள் இந்திய விமானப் படையில் சேர்க்கப்பட்டது இந்தத் தளத்தில்தான்.

விமானங்களைப் போலவே குடும்பங்களும் இங்கே வந்து போய்க்கொண்டிருக்கின்றன. தாம்பரத்திலிருந்தோ சூலூரிலிருந்தோ அப்பாவின் மாற்றல் உத்தரவோடு வந்திறங்கும் பிள்ளைக்குத் தெருவில் பேசும் மராத்தி புதிது; வகுப்பில் சிநேகிதர்கள் யாருமில்லை. இப்படி ஊர் ஊராக மாறும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காகவே 1963-ல் கேந்திரிய வித்யாலயா அமைப்பு தொடங்கப்பட்டது. பாடத்திட்டம் எங்கே போனாலும் ஒன்றுதான்.

மாறாத இன்னொன்றும் உண்டு. டியூயி தசம முறையைப் பின்பற்றும் எந்த நூலகத்திலும் 500 என்றால் அறிவியல், 598 என்றால் பறவைகள். பழைய பள்ளி நூலகத்தில் தொண்டராக இருந்த பிள்ளை, புதிய பள்ளியிலும் முதல் நாளே வேலையில் இறங்கிவிடலாம். பேச்சுத் துணையும் தானாகக் கிடைக்கும்.

வேலை எளிமையானதுதான். திரும்பி வந்த புத்தகங்களை எண் வரிசைப்படி அடுக்க வேண்டும். கிழிந்ததை ஒட்ட வேண்டும். தேதிச் சீட்டில் முத்திரை வைக்க வேண்டும். இவற்றில் முக்கியமானது அடுக்குவது. இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். பதிவேட்டில் இருக்கும், தேடினால் கிடைக்காது.

தொலைவதைப் பற்றிய பயம்தான் பல பள்ளிகளில் அலமாரிக்குப் பூட்டுப் போடுகிறது. தணிக்கையின்போது யார் பதில் சொல்வது என்பது ஆசிரியரின் கவலை. ஆனால் அரசு விதி அவ்வளவு கடுமையானதல்ல. மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), ஆண்டுக்கு 1,000 புத்தகங்கள் வாசிக்கத் தரப்பட்டால் 5 தொலைவது இயல்பு என்று ஏற்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமோ அரிய நூலோ தொலைந்தால் விசாரணை உண்டு. அந்தக் கணக்குப்படி, ஆண்டில் 4,000 முறை புத்தகம் கொடுத்த நூலகத்தில் 20 காணாமல் போனாலும் குற்றமில்லை. எதையும் கொடுக்காமல் பூட்டி வைத்தால் எதுவும் தொலையாது. ஆனால் யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

புத்தகம் இருப்பது பயன்படுத்தவே என்பதைத் தனது ஐந்து விதிகளில் முதலாவதாக 1931-லேயே வைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். அதே ஆண்டு மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின. அரசுப் பள்ளி நூலகங்களுக்கு 'சமக்ர சிக்ஷா' திட்டம் ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை தர வழி செய்தது. பணத்தால் புத்தகம் வாங்கலாம். இடைவேளையில் அலமாரியைத் திறந்து வைக்க ஆள் வேண்டும். அங்கேதான் தொண்டர்கள் தேவைப்படுகிறார்கள்.

எல்லையும் உண்டு. மாணவர் நூலகருக்கு உதவியாளர். நூலகர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதற்குச் சாக்கு அல்ல. தொலைந்த புத்தகத்துக்குப் பிள்ளையைப் பொறுப்பாக்கினால் அடுத்த வாரம் ஒருவரும் வர மாட்டார்கள். அடுக்குவதற்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சம் படிக்கவும் விட வேண்டும். கையில் எடுத்த புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆசைதான் இந்த வேலைக்குக் கிடைக்கும் ஒரே சம்பளம்.

அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது அந்தப் பிள்ளை செய்ய வேண்டியவை இரண்டு: தன் பெயரில் இருக்கும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது, 598 எங்கே இருக்கிறது என்று கீழ் வகுப்புப் பிள்ளை ஒருவருக்குக் காட்டிவிட்டுப் போவது.